கையிலே ஒரு படம்

கடல்வழிச் செலவு மகளிரொடு கூடாது என்று அகத்திணைக்கு வரம்பு கட்டி வைத்தார் தொல்காப்பியர். பொருள் தேடும் தலைவன் மரக்கலம் ஏறலாம், தலைவி ஏறலாகாது. அவள் கரையிலே நிற்க வேண்டும். சுவரிலே கோடிட்டு நாளை எண்ண வேண்டும். மேனியிலே பசலை படர வேண்டும். தோழியின் தோளிலே சாய்ந்து அழ வேண்டும். அவன் வந்தால் வாழ்வு, வராவிட்டால் பாட்டு! இந்த இலக்கணத்தை நாமும் கல்லூரியிலே நெட்டுருப் போட்டோம், மதிப்பெண் வாங்கினோம். கரையிலே நின்றவளுக்குக் கடலைக் கடக்கும் ஆசை இருந்திருக்குமே, அதை ஏன் எவரும் பாடவில்லை என்று நாம் கேட்டதில்லை. தேர்விலும் அப்படியொரு வினா வந்ததில்லை.

நம்மோடு பணியாற்றும் ஆசிரியை ஒருவர், அந்தக் கேள்வியை அண்மையில் நம் முன் கொண்டுவந்து வைத்தார். திருமணமான பதினோராம் நாள் அவருடைய கணவர் அயல்நாட்டு வேலைக்கு விமானம் ஏறினார். எட்டுத் திங்கள் உருண்டோடிவிட்டன. இவருக்கு விசா வர வேண்டும். அதற்காக அந்நாட்டு அரசு கேட்கும் தாள்கள் ஒன்றா, இரண்டா? திருமணப் பதிவுச் சான்று, கணவரின் வருமானச் சான்று, வீட்டு வாடகைச் சான்று. இவை போதாவென்று, இருவரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட படங்கள்! பதினோரு நாளில் எத்தனை படம் எடுத்துவிட முடியும்? ஒரு நாள் உணவு இடைவேளையிலே அந்தப் படங்களை மேசைமீது பரப்பி, “டீச்சர், இதிலே நான் சிரித்தது போதாதோ? அதிகாரி நம்புவாரா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் கேட்ட குரலிலே நடுக்கம் இருந்தது.

நமக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள், ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், கையிலே ஒரே ஒரு படத்தோடு பசிபிக் பெருங்கடலைக் கடந்த பெண்கள். இன்று அதிகாரி படம் கேட்கிறார், மணம் உண்மையா என்று காண. அன்று படமேதான் மணம்!

கரும்பிலிருந்து தொடங்குகிறது அந்த வரலாறு. ஹவாயித் தீவுகளிலே சர்க்கரை முதலாளிகள் தோட்டங்களை விரித்துக்கொண்டே போனார்கள். வெட்டுவதற்குக் கை வேண்டியிருந்தது. 1885ஆம் ஆண்டு பிப்ரவரியில் அரசு ஒப்பந்தத்தின்கீழ் முதற்கப்பல் ஜப்பானியத் தொழிலாளரை ஏற்றி ஹொனலூலு சேர்ந்தது. அதன்பின் பத்தாண்டுக்குள் ஏறத்தாழ 29,000 பேர் அவ்வாறு போனார்கள். 1903 முதல் 1905 வரை கொரியாவிலிருந்து ஏழாயிரம் பேர். பெரும்பாலோர் ஆண்கள், அதிலும் இளைஞர்கள். மூன்றாண்டு உழைத்துப் பொருளோடு திரும்பலாம் என்று போனவர்கள், முப்பதாண்டு கழித்தும் திரும்பவில்லை. கூலி சேரவில்லை, சேர்ந்தது வயதுதான். பலர் அங்கிருந்து கலிஃபோர்னியாவுக்குப் போய்ப் பழத்தோட்டங்களிலும் இருப்புப் பாதைகளிலும் உழைத்தார்கள்.

உழைப்பை விரும்பிய வெள்ளையர் உழைப்பாளியை விரும்பவில்லை. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்விக் குழு, ஜப்பானியப் பிள்ளைகள் வெள்ளைப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் அமரலாகாது, கீழைநாட்டாருக்கென ஒதுக்கிய தனிப் பள்ளிக்குப் போக வேண்டும் என்று ஆணையிட்டது. அந்நகரப் பள்ளிகளில் அன்றிருந்த ஜப்பானியப் பிள்ளைகள் எத்தனை பேர்? 93! தொண்ணூற்று மூன்று சிறுவர் சிறுமியரைக் கண்டு ஒரு மாநகரம் மிரண்டது. அந்தச் சிறுமை இரு நாடுகளின் உறவையே உலுக்கவே, குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தலையிட்டார். ஆணை திரும்பப் பெறப்பட்டது; அதற்கு விலையாக 1907-08இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. ‘கனவான்கள் உடன்பாடு’ என்று அதற்குப் பெயர்! புதிய தொழிலாளருக்கு ஜப்பான் கடவுச்சீட்டு வழங்காது. ஏற்கெனவே அங்கே குடியிருப்போரின் பெற்றோரும் மனைவியும் மக்களும் மட்டும் வரலாம்.

கதவை அடைத்தவர்கள், ‘மனைவி’ என்ற சொல்லளவுக்கு ஓர் இடுக்கை விட்டுவைத்தார்கள். அந்த இடுக்கு வழியேதான் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் 1924 வரை உள்ளே நுழைந்தார்கள்.

ஊருக்குத் திரும்பிப் போய்ப் பெண்ணெடுத்து வருவது தொழிலாளிக்கு எளிதன்று. கப்பற் கூலி ஒருபுறம்; படைச் சேவை வயதினன் தாய்நாட்டிலே சில வாரம் தங்கிவிட்டால் படையிலே சேர வேண்டிய அச்சம் மறுபுறம். எனவே அவன் படம் எடுத்து அனுப்பினான். தரகர் அதை எடுத்துக்கொண்டு பெண்வீடு போனார். பெண்ணின் படம் கடல் கடந்து அவனுக்குப் போயிற்று. இரு குடும்பத்தாரும் இசைந்தால், மணமகன் ஊரிலே ‘கோசெகி’ எனும் குடும்பப் பதிவேட்டில் பெண்ணின் பெயரை எழுதிவிடுவார்கள். முடிந்தது திருமணம்! மாலை இல்லை, மேளம் இல்லை, மணமகனே இல்லை! ஜப்பானியச் சட்டத்தின்படி அது முழுமையான மணம். ‘ஷாஷின் ஹனயோமே’ என்று அப்பெண்களை அழைத்தார்கள். படத்து மணமகள் என்று பொருள்.

ஏதோ காட்டுமிராண்டி வழக்கம் என்று சிரித்துவிடாதீர்கள். பெண் பார்க்கும் படலத்திலே காப்பித் தட்டோடு வந்து நின்று, குனிந்த தலை நிமிராமல் திரும்பிப் போகும் நம் வீட்டுப் பெண்ணுக்கு, அந்த மாப்பிள்ளையைப் பற்றி என்ன தெரியும்? ஜப்பானியப் பெண்ணாவது அறையிலே தனித்திருந்து அந்த முகத்தை ஆயிரம் முறை பார்த்துக்கொள்ளலாம்!

ஆனால், அந்த முகம் உண்மை முகமா? அங்கேதான் வினை. நாற்பதைத் தொட்டவன் இருபத்தைந்தில் எடுத்த படத்தை அனுப்பினான். வெயிலிலே கருகிய முகத்தைப் படக்காரர் தூரிகையால் வெளுத்தார். இரவல் கோட்டு, இரவல் தொப்பி. முதலாளியின் மாளிகை வாயிலிலே நின்று எடுத்த படம். பிறருடைய காரின்மீது கைவைத்து எடுத்த படம். தன்னைவிட அழகான நண்பனின் படத்தையே அனுப்பியவனும் உண்டு. வஞ்சகந்தான், மறுக்கவில்லை. எனினும், தகரக் கூரைக் கொட்டடியிலே பத்துப் பேரோடு படுத்துறங்கும் ஒருவன், தன் வாழ்விலே ஒரு நொடி தான் விரும்பிய தோற்றத்தில் நின்று பார்த்திருக்கிறான் என்றும் நமக்குத் தோன்றுகிறது. மன்னிக்க முடியாவிட்டாலும் புரிந்துகொள்ள முடிகிறது.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஏமாற்றிய ஆண், ஏமாந்த பெண், கண்ணீர், திரை! நமக்கு அதிலே உடன்பாடில்லை. அந்தப் பெண்கள் ஏன் இசைந்தார்கள் என்று கேட்க வேண்டாமா? எல்லோரும் தந்தையின் சொல்லுக்குத் தலையாட்டியவர்கள் அல்லர். மெய்ஜி ஆட்சி தொடக்கக் கல்வியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஹிரோஷிமா, யாமகுச்சி, ஃபுகுவோக்கா, குமமோட்டோ வட்டாரங்களின் உழவர் வீட்டுப் பெண்கள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள்; பள்ளியின் உலகப் படத்திலே அமெரிக்காவைத் தொட்டுப் பார்த்தவர்கள். அதே மெய்ஜி ஆட்சியின் 1898ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டமோ, பெண்ணைக் குடும்பத் தலைவனின் கைக்குள் வைத்தது. அவன் இசைவின்றி அவள் மணக்க முடியாது. மணந்தபின் கணவனின் இசைவின்றி ஒப்பந்தம் எழுத முடியாது. எழுத்தைக் கற்பித்துவிட்டு ஏட்டைப் பறித்துக்கொண்டால் பெண் என்ன செய்வாள்? தொலைவிலே தெரியும் கரையை நோக்குவாள்.

கொரியப் பெண்ணுக்கோ இன்னொரு விலங்கும் இருந்தது. 1910இல் அவள் நாடே ஜப்பானுக்கு அடிமையாயிற்று. கியொங்சாங் பகுதிச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்ட ஏறத்தாழ ஆயிரம் பெண்களிலே, அமெரிக்காவிலே பெண்ணும் பள்ளிக்குப் போகலாமாம் என்று கேள்விப்பட்டுப் புறப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் காதலித்தது படத்திலிருந்த ஆடவனையா, படத்துக்குப் பின்னால் இருந்த நாட்டையா? இரண்டையும் என்றே நாம் கருதுகிறோம்.

பெயர் பதிவேட்டில் ஏறியவுடன் கப்பல் ஏறிவிட முடியாது. ஆறு திங்கள் கழிந்தால்தான் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த ஆறு திங்களைப் பலர் கழித்தது, கணவனின் பெற்றோர் வீட்டிலே! எண்ணிப் பாருங்கள். கணவனைக் கண்டதில்லை, மாமியாரைக் கண்டாயிற்று! அதிகாலையில் அடுப்பு மூட்டுகிறாள். வயலிலே நாற்று நடுகிறாள். மாமனார் குளிக்க வெந்நீர் வைக்கிறாள். அவன் சிறுவயதில் எப்படியிருந்தான், என்ன உண்பான், சினம் வருமா என்று கேட்க நா எழும். கேட்டால் நாணமற்றவள் என்பார்கள். இரவிலே படத்தை எடுத்துப் பார்க்கிறாள். கடிதம் வருகிறது. கையெழுத்து அழகாயிருக்கிறது. எழுதியவன் அவன்தானா, எழுதத் தெரிந்த நண்பனா என்பது கப்பல் கரை சேர்ந்தபின் தெரியும். அவள் கண்ட கனவு பொய்யாகிப் போயிருக்கலாம். ஆனால் அந்த ஆறு திங்களும் அவள் அதைக் கண்டாள் என்பது பொய்யன்று.

யோகஹாமாத் துறைமுகத்திலே மருத்துவச் சோதனை. கண்ணிலே டிரக்கோமா இருந்தாலோ, மலத்திலே கொக்கிப்புழு முட்டை தெரிந்தாலோ பயணமில்லை; குணமாகும்வரை விடுதியிலே காத்திருக்க வேண்டும். மணமகன் நல்லவனா என்று எந்த அரசும் சோதித்ததில்லை. மணமகளின் குடலைச் சோதித்தார்கள்! பிறகு மூன்றாம் வகுப்பு அடித்தளம், கடல்நோய், எண்ணெய் நாற்றம். தலைதூக்க முடிந்த நாளிலே பெண்கள் ஒன்றுகூடி அவரவர் மடியிலிருந்த படத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சிரித்தார்களாம். ‘உன்னவர் மீசை பெரிது’, ‘உன்னவர் உயரம்’ என்று எத்தனை கேலி நடந்திருக்கும்! அந்த வரலாற்றிலே நாம் மிகவும் விரும்பும் காட்சி அதுதான்.

கப்பல் கரையை அடைந்தது. ஹொனலூலுவிலோ, 1910இல் திறக்கப்பட்ட சான் பிரான்சிஸ்கோவின் ஏஞ்சல் தீவுக் குடியேற்ற நிலையத்திலோ மீண்டும் சோதனை, மீண்டும் கேள்வி. ஜப்பானியப் பெண்கள் பெரும்பாலும் சில நாளிலே வெளியேறினார்கள். அதே தீவிலே அடைபட்ட சீன மனைவியரின் நிலை இன்னும் கொடிது. 1882ஆம் ஆண்டுச் சீனர் விலக்குச் சட்டத்தின் நிழலிலே, ஊரிலுள்ள கிணறு எந்தத் திசையில், வீட்டுக்கு எத்தனை படி என்றெல்லாம் கேட்டு, கணவன் சொன்னதும் மனைவி சொன்னதும் பொருந்துகிறதா என்று வாரக் கணக்கிலே வதைத்தார்கள். படியின் எண்ணிக்கையிலே பிழை செய்தால் அவள் மனைவி அல்லள்!

படத்து மணமகள் சட்டைப் பையிலிருந்து படத்தை எடுத்தாள், எதிரே வரிசையாக நின்ற முகங்களைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், மீண்டும் முகங்களைப் பார்த்தாள். சிலர் முகம் மலர்ந்தார்கள். சிலர் அழுதார்கள், அடுத்த கப்பலிலே திருப்பி அனுப்புங்கள் என்று மன்றாடினார்கள். பலர் பெருமூச்சோடு ஏற்றுக்கொண்டார்கள். திரும்பிப் போக யாரிடம் பணம் இருந்தது? ஜப்பானியச் சட்டப்படி அவள் ஆறு திங்களுக்கு முன்பே மனைவி; அமெரிக்க அதிகாரி கண்ணுக்கோ இன்னும் கன்னி. எனவே துறைமுகத்தருகிலேயே, பாதிரியாரை அழைத்துப் பத்துப் பதினைந்து இணைகளை நிற்கவைத்துக் கூட்டமாக மணம் முடித்தார்கள். 1917இல்தான் அந்தச் சடங்கு தேவையில்லை என்று அமெரிக்கா ஒப்புக்கொண்டது.

எந்தச் சடங்கு நடந்தால் ஒருத்தி மனைவி என்பதை எல்லைக் காவலன் முடிவு செய்த கொடுமை, அதே காலத்திலே வேறொரு கடற்கரையிலும் நடந்தது. அதிலே தமிழ்ப் பெண்களின் பங்குண்டு. 1913ஆம் ஆண்டு மார்ச்சில், இந்தியாவிலிருந்து கணவனை நாடி வந்த ஒரு முஸ்லிம் பெண்ணை உள்ளே விட முடியாது என்ற வழக்கிலே, பலதார மணத்தை ஏற்கும் சமய முறைப்படி நடந்த மணம் செல்லாது என்று தென்னாப்பிரிக்க நீதிபதி சர்ல் தீர்ப்பளித்தார். அத்தீர்ப்பின்படி அங்கிருந்த இந்து, முஸ்லிம் மனைவியர் அனைவரும் மனைவியர் அல்லர் என்றாயிற்று. தலைக்கு மூன்று பவுண்டு வரியோடு இந்த இழிவும் சேர்ந்தபோது, டிரான்ஸ்வால் தமிழ்ப் பெண்கள் கைக்குழந்தையோடு சிறை புகுந்தார்கள். பதினாறே வயதான தில்லையாடி வள்ளியம்மை சிறையிலே நோயுற்று, விடுதலையாகி வந்து, 1914 பிப்ரவரி 22இல் மறைந்தாள். அவ்வாண்டிலேயே புதுச்சட்டம் வந்தது. ஒரு மனைவியை மனைவி என்று ஒப்புக்கொண்டது. நம் மங்கையர் அறப்போரைப் பேசும்போது வரியைப் பேசுவோர், இந்த மண உரிமையை ஏனோ மறந்துவிடுகிறார்கள்.

பசிபிக் கரைக்குத் திரும்புவோம். இறங்கிய சில நாளிலேயே கிமோனோ கழற்றப்பட்டது. இறுக்கும் உள்கச்சையும் குதி உயர்ந்த செருப்பும் மாட்டிவிட்டார்கள். அடுத்து வயல். ஹவாயிக் கரும்புத் தோட்டத்திலே பெண்ணுக்கு வாய்த்த வேலை சோகை உரித்தல். காய்ந்த தாளின் விளிம்பு கையைக் கிழிக்கும். அதனால் கொதிக்கும் வெயிலிலும் கை கால் முகமெல்லாம் துணி சுற்றிக்கொண்டு உழைத்தார்கள். குதிரைமேல் கங்காணி. ஆணுக்குக் கொடுத்த கூலி பெண்ணுக்குக் கொடுக்கவில்லை. மாலையிலே வீடு வந்தால் தோட்டத்து மணமாகாத ஆடவரின் துணி துவைத்துச் சில செண்டு. சோகை உரித்துக்கொண்டே அவர்கள் பாடிய பாட்டுகள் ‘ஹோலே ஹோலே புஷி’ என்ற பெயரிலே இன்றும் வழங்குகின்றன. 1920இல் ஒவாகு தீவிலே ஜப்பானியரும் பிலிப்பினோக்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அன்று ஆணின் நாட்கூலி 77 செண்டு. அதை ஒரு டாலர் 25 செண்டாக்கக் கேட்டார்கள். கோரிக்கைப் பட்டியலிலே இன்னொன்றும் இருந்தது: ஊதியத்தோடு மகப்பேற்று விடுப்பு! படத்து மணமகளின் குரல் அங்கே கேட்கிறது. முதலாளிகள், விஷக் காய்ச்சல் பரவிக்கொண்டிருந்த வேளையிலே குடும்பங்களைக் குடியிருப்பிலிருந்து தெருவுக்கு விரட்டினார்கள்.

எல்லாப் பெண்களும் பொறுத்திருக்கவில்லை. அடித்த கணவனை, சூதாடிய கணவனை, பொய்ப்படக் கணவனை விட்டு ஓடிப்போனவர்கள் உண்டு. கைவிடப்பட்ட கணவர்கள் ஜப்பானியச் செய்தித்தாள்களிலே விளம்பரம் செய்தார்கள்: ஓடிப்போனவளைக் கண்டுபிடித்துத் தருவோருக்குப் பரிசு! கூடவே அவள் படம்! எந்தப் படத்தைக் கண்டு மணந்தார்களோ அந்தப் படத்தையே காட்டி வேட்டையாடினார்கள். கொரியப் பெண்களோ வேறொரு வழியிலே தலைநிமிர்ந்தார்கள். 1919 மார்ச்சில் தாயகத்திலே விடுதலை முழக்கம் எழுந்ததும், ஹவாயியிலே கொரிய மகளிர் நிவாரணச் சங்கம் அமைத்து, துவைத்தும் சமைத்தும் ஈட்டிய காசை விடுதலைப் போருக்கு அனுப்பினார்கள்.

ஆடவன் மனைவியை அழைக்க வேண்டுமானால் கையிருப்பு எவ்வளவு என்றும் கேட்டார்கள். 1915 முதல் அமெரிக்கப் பெருநிலத்துத் தொழிலாளிக்கு 800 டாலர் சேமிப்பு இருக்க வேண்டும் என்பது ஜப்பானிய அரசின் விதி. ஹவாயிக் கூலிக் கணக்கிலே பார்த்தால், உண்ணாமல் உடுக்காமல் ஆயிரம் நாளுக்கு மேல் உழைத்த தொகை அது. பழங்கதை என்று எண்ண வேண்டா. துணையை அழைத்துக்கொள்ள விரும்புவோர் ஆண்டுக்கு 18,600 பவுண்டு ஈட்ட வேண்டும் என்று பிரிட்டன் 2012இல் விதித்தது. 2024 ஏப்ரலிலே அதை 29,000 ஆக உயர்த்தியது. ஏழைக்குக் காதல் வரலாம், காதலி வரலாகாது!

பெண்கள் வந்தார்கள், பிள்ளைகள் பிறந்தார்கள். அங்கேதான் வெள்ளை வெறியர்க்கு நெஞ்சு எரிந்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜப்பானியர் கலிஃபோர்னியாவிலே நிலம் வாங்க முடியாது; ஆனால் அந்த மண்ணிலே பிறந்த பிள்ளை அமெரிக்கக் குடிமகன் ஆயிற்றே! தாயின் வயிற்றைத் தடுக்கப் புறப்பட்டார்கள். கலிஃபோர்னியாவை வெள்ளையாகவே வைப்போம் என்ற முழக்கத்தோடு 1920இல் தேர்தலுக்கு நின்றார் மேலவை உறுப்பினர் ஜேம்ஸ் ஃபீலன். அவர் தோற்றார், அவருடைய வெறி தோற்கவில்லை. காதலின்றிப் படம் பார்த்து மணப்பது அநாகரிகம் என்று நாகரிகம் போதித்தார்கள், வேற்றினத்தாரோடு காதலித்து மணப்பதைச் சட்டத்தாலே தடுத்து வைத்திருந்த அதே மாநிலத்தார்! 1920 மார்ச் முதல் பெருநிலத்துக்குப் படத்து மணமகளுக்குக் கடவுச்சீட்டு நின்றது. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஜூலை 1இல் நடப்புக்கு வந்தபோது ஹவாயிக் கதவும் சாத்தப்பட்டது.

வந்தவர்கள் அங்கேயே முதியவர்களானார்கள். 1941 டிசம்பரில் முத்துத் துறைமுகத்தின்மீது ஜப்பான் குண்டு வீசிய பிறகு, மேற்குக் கரையிலே பல குடும்பங்கள் அஞ்சி, ஜப்பானிய நூல்களையும் கடிதங்களையும் படங்களையும் தீயிலிட்டன. மடியிலே பொத்திக் கடல் கடந்த படங்களிலே எத்தனை அன்று சாம்பலாயினவோ! 1942இல் ஏறத்தாழ 1,20,000 பேரை முள்வேலி முகாம்களிலே அடைத்தார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டந்தான் அந்த முதல் தலைமுறையினர்க்குக் குடியுரிமை கோரும் உரிமையைத் தந்தது. முப்பது, நாற்பது ஆண்டுகள் அந்நியராகவே வாழ்ந்த பாட்டிமார்கள், பேரப்பிள்ளைகளிடம் பாடம் கேட்டுக்கொண்டு தேர்வுக்குப் போனார்கள்.

இவ்வளவையும் நாம் சொல்லி முடிப்பதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. ஆசிரியை எழவில்லை. “அந்தக் கப்பலிலே சிரித்தார்களே, அதை இன்னொரு முறை சொல்லுங்கள் டீச்சர்” என்றார். சொன்னோம். பிறகு, படக்கடைக்காரர் மெருகேற்றிப் பளபளக்கவைத்த திருமணப் படத்தை எடுத்து ஒதுக்கி வைத்தார். கணவர் புறப்பட்ட நாளிலே, பேருந்து நிலையத்து மழையிலே, தம்பி கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று அடியிலே கிடந்தது. இருவரும் நனைந்திருந்தார்கள், கணவரின் முன்வழுக்கை நன்றாகத் தெரிந்தது, இவர் கண் சிவந்திருந்தது. “இதுவே போகட்டும்” என்று உறையிலே போட்டுக்கொண்டு, ஏழாம் வகுப்புக்குச் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு நடந்தார்.